முதுகில் இரண்டு டின், இடுப்பில் லாரி டியூப்

தனியாக இருப்பவனிடம் யோசனை சொல்லாதீர்கள். பாவம், அவன் அதைக் கேட்டுத் தொலைத்துவிடுவான்.

எழுபதுகளில் குமுளியில் ஓர் ஏலக்காய்க் கிடங்கில் எனக்குக் கணக்கர் வேலை. கோயம்புத்தூரை ஒட்டிய கஞ்சிக்கோட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பம் எங்களுடையது. என் பேச்சில் வார்த்தைக்கு வார்த்தை வரும் கொங்கு 'ங்க'வைக் கேட்டாலே கிடங்கு ஆட்கள் சிரிப்பார்கள். அதனால் பேசுவதையே விட்டுவிட்டேன். மத்தியானச் சோற்றைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவேன். (சுவருக்கே சலித்திருக்கும்.)

ஒருநாள் லாரி டிரைவர் கருப்பையா கூப்பிட்டார். "ஞாயித்துக்கெழம எஸ்டேட் தடுப்பணைல குளிக்கப் போறோம். நீங்களும் வாங்க சார்."

"எனக்கு நீச்சல் தெரியாதுங்களே."

"மெதக்குறதுக்கு எதையாச்சும் கட்டிக்கிட்டு எறங்குங்க. எங்கிட்ட பழைய டியூப் கெடக்கு."

அந்த வாரம் எனக்குத் திருவிழா. எதைக் கட்டினால் நன்றாக மிதக்கலாம் என்று பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டேன். கேட்டால் பேசுகிறார்களே. வாட்ச்மேன் பாண்டி, "டியூப்ப நம்பாதீங்க சார்," என்று இரண்டு காலி எண்ணெய் டின்களை வாயை மெழுகால் அடைத்தே கொடுத்தார். மெஸ்காரர் வாழைமரத் துண்டு ஒன்றை வெட்டித் தந்தார். ஒன்றை எடுத்து மற்றதை விட்டால், கொடுத்தவர் மறுபடி பேசாமல் போய்விடுவாரோ என்று பயம். எல்லாவற்றையும் கட்டிக்கொண்டேன்.

எங்கள் ஊர்க் கிணற்றில் நீச்சல் பழகும் பிள்ளைகளுக்குச் சுரைக்குடுக்கையை முதுகில்தான் கட்டுவார்கள். (நான் மேலே நின்று பார்த்ததோடு சரி.) ஆகவே டின்கள் முதுகில். இடுப்பில் டியூப், இரண்டு கணுக்காலையும் சேர்த்து வாழைத் துண்டு. கரையில் உட்கார்ந்து அப்படியே சரிந்து இறங்கினேன்.

குப்புறக் கவிழ்ந்தேன். மிதந்தேன், அதில் குறையே இல்லை. முகம் மட்டும் தண்ணீருக்குள். திரும்பலாமென்றால் டின் விடவில்லை, காலை ஊன்றலாமென்றால் வாழை விடவில்லை. நாலு பேரோடு பேசிப் பழகுவதற்குள் சாவு வந்துவிட்டதே என்று அழுகை வந்தது.

கருப்பையா என் தலைமுடியைப் பிடித்துத் தூக்கிக் கட்டுகளை அறுத்தார். "சார், கால ஊனுங்க."

ஊன்றினேன். தண்ணீர் என் இடுப்புக்குக் கீழே நின்றது.

"இத்தனையவும் எதுக்கு சார் கட்டுனீங்க?"

"வேண்டாம்னா சங்கடப்படுவாங்கன்னுதானுங்க."

கருப்பையா சிரிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அவரும் பாண்டியும் தூக்குவாளியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கதையை என் வாயால் கேட்க வேண்டுமாம். சொன்னேன். வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

எங்கள் வீட்டில் இன்றும் யார் எதற்கு மறுக்க முடியாமல் தலையாட்டினாலும், "அடுத்த டின்னு கட்டியாச்சு" என்பார்கள். சமீபத்தில் கருப்பையாவின் பேத்தி கல்யாணப் பந்தியில் நாலாவது தடவையாகப் பாயசம் வந்தது. "போதும்னு சொல்லுங்க. இன்னொரு டின்னக் கட்டிக்காதீங்க," என்றாள் என் மனைவி. அதைக் கேட்ட கருப்பையா, வாளியைத் தானே வாங்கி என் இலைக்கு வந்தார். நான் வேண்டாமென்று சொல்லவில்லை.