நிலவில் விட்டுவந்த வண்டி குறித்து ஒரு மன்னிப்பு

மதிப்பிற்குரிய, சம்பந்தி ஆகவிருக்கிற (இன்னும் ஆகவிருக்கிற என்றே நம்பும்) ஐயா அவர்களுக்கு,

பெண்ணைப் பெற்றவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். என் மனைவி என்னோடு பேசாததால் வீடும் அமைதி. அங்கே அனைவரும் நலமா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணத் தேதி பேச வந்த இடத்தில், நிலவில் மனிதர் விட்டுவிட்டு வந்த வண்டி இங்கிருந்து தெரியுமா தெரியாதா என்று நமக்குள் வாக்குவாதம் முற்றி, தாங்கள் காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போனீர்கள். தெரியும் என்று நான் அடம்பிடித்தது புத்திகெட்ட வேலை. முப்பத்திரண்டு வருஷம் சர்வேயராக இருந்தவன், அளக்காமல் வாயை விட்டது இதுதான் முதல் தடவை. சரி, பார்த்துவிட்டே மன்னிப்புக் கேட்போம் என்று பரணில் கிடந்த, தொலைநோக்கி வைத்த பழைய நில அளவுக் கருவியை மொட்டை மாடியில் மூன்று காலில் நிறுத்தினேன். அந்தக் காலத்துக் கருவி, எல்லாவற்றையும் தலைகீழாகத்தான் காட்டும். பழகினவனுக்கு அது நேர்தான். சாயங்காலம் பக்கத்து வீட்டு மாடிச் சுவருக்கு மேலே நிலா வருது, நான் ஒத்தக் கண்ணை மூடிக்கிட்டுப் பார்க்கிறேன், அந்த வீட்டுக்காரர் மூச்சிரைக்க ஓடி வர்றார். "சார், ரெண்டடிதான் சார் தள்ளிக் கட்டிட்டேன், நாளைக்கே இடிச்சிடுறேன், மேலே எழுதிப் போட்டுடாதீங்க!" "நான் நிலாவைப் பார்க்கிறேங்க"ன்னா, "எல்லா ஆபீசரும் முதல்ல இப்படித்தான் சொல்வீங்க"ங்கிறார். நான் ரிடையராகி ஆறு வருஷம் ஆச்சு. மறுநாள் நிஜமாவே இடிச்சார், சுவர் எங்க தண்ணிக் குழாய் மேல விழுந்தது. இப்ப வீட்டிலே தண்ணி இல்லை, நிலா மட்டும் நல்லாத் தெரியுது. வண்டி தெரியலை.

அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு தலைமுடியைத் தேடுற கதைங்க, பூமியிலே இருக்கிற எந்தத் தொலைநோக்கிக்கும் சிக்காது. ஆனா நிலாவிலே மனுஷங்க வெச்சிட்டு வந்த கண்ணாடி மேல இங்கேருந்து லேசர் அடிச்சா வெளிச்சம் திரும்பி வருதாம். கண்ணுக்கே தெரியாத கண்ணாடி பதில் சொல்லுது, எதிரே உட்கார்ந்திருக்கிற என் மனைவி சொல்ல மாட்டேங்கிறா. பொண்ணு நாலு நாளா சரியாச் சாப்பிடலை. அவ முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமா இருக்கு. ஆகவே தெரியாது என்று தாங்கள் சொன்னதே சரி, நான் சொன்னது முழுத் தப்பு.

தங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கமும், மாப்பிள்ளைக்கு (அப்படி எழுதலாமென்றால்) என் ஆசியும் சேரட்டும்.

தபால்காரர் வரும் வழியையே பார்த்திருக்கும்,
பெண்ணின் அப்பா

பி.கு.: உறையை ஒட்டும் முன் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். நாலு நாளைக்கப்புறம் வாயைத் திறந்தாள்: "தெரியும்னு சொன்னது அவருங்க! தெரியவே தெரியாதுன்னு மேஜையைத் தட்டினது நீங்க!" தலை சுத்துதுங்க. திருப்பி எழுதத் தெம்பில்லை. என் கருவியைப் பார்க்கிற மாதிரி இந்தக் கடிதத்தையும் தலைகீழாப் பார்த்துக்குங்க. வண்டி தெரியுது. சக்கரம்கூடத் தெரியுது. பொய்யா எழுதின அளவு எதுக்கும் இதுவரைக்கும் நான் கையெழுத்துப் போட்டதே இல்லை. இதுக்குப் போட்டிருக்கேன்.