இறங்காத தோளும் ஒரு பெட்டிப் பாலும்

லோயாங்,
புத்தாண்டு மூன்றாம் நாள்

அன்பும் மரியாதையும் மிக்க அக்காவுக்கு,

தம்பி மியாவ் தெகுவாங் பணிவுடன் எழுதுவது. நானும் மனைவி சியூலானும் நலம். என் தோள் மட்டும் நலமில்லை. சீஆனில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமாயிருக்க வேண்டுகிறேன். பியோனி மலர்த் திருவிழாவில் தம்பி மேடையேறி நிதானமாகக் கைகால் அசைத்துத் தாய்ச்சிப் பயிற்சி செய்வதைப் பார்க்கக் குடும்பத்தோடு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டதாக எழுதியிருந்தாய். அதை உடனே ரத்து செய்துவிடு. ஏன் என்று கேட்காதே. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

முப்பது வருஷம் ஓட்டுநர் தேர்வு அதிகாரியாக, பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதிக்கும் ஆட்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவனுடைய தோள் எங்கே இருக்கும்? காதோடு ஒட்டித்தான் இருக்கும். இது எங்கள் தாய்ச்சி ஆசிரியை பெங் டீச்சருக்குப் புரியவில்லை. பூங்காவில் நான் கையைத் தூக்கினால் போதும், "மியாவ் அண்ணே, தோளு!" என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்திலேயே தோள் இன்னும் ஏறும். "இறக்குங்கண்ணே!" இறக்கினால் முழங்கை விறைக்கும். "முழங்கை!" அதைத் தளர்த்தினால் வாய் திறந்துகொள்ளும். கையோடு கை ஒட்டி ஒருவரையொருவர் தள்ளும் பயிற்சியில் அவர் லேசாகத் தொட்டாலே நான் போய் மரத்தில் முட்டுவேன். பறவைக் கூண்டோடு உலாவ வரும் கிழவர்களில் ஒருவர் மூச்சை விடு என்கிறார், இன்னொருவர் மூச்சைப் பிடி என்கிறார். வீட்டுக்கு வந்தால், சூடான உப்பு மூட்டையைத் தோளில் வைத்தபடியே சியூலான், "தூக்கத்துலகூட உங்க கால் பிரேக்கை மிதிக்குது, தோள் எப்படிங்க இறங்கும்?" என்கிறாள். கடைசியில் டீச்சர் தீர்ப்பே சொல்லிவிட்டார்: "புத்தாண்டுப் பதினஞ்சாம் நாள் விளக்குத் திருவிழாவுக்குள்ள தோள் இறங்கலைன்னா மேடை கிடையாதுண்ணே. பாட்டுப் பெட்டியப் பாத்துக்குங்க." பாட்டுப் பெட்டி! நான்!

நேற்று வாழ்த்துச் சொல்கிற சாக்கில் கெஞ்சிப் பார்க்கலாம் என்று ஒரு பெட்டிப் பாலோடு அவர் வீட்டுக்குப் போனேன். "எதுக்குண்ணே இதெல்லாம்? எடுத்துட்டுப் போங்க" என்று வாசலிலேயே தள்ளினார். உடனே வாங்கினால் அவருக்கு மரியாதையில்லை, திரும்பக் கொண்டுபோனால் எனக்கு மரியாதையில்லை. "சும்மா பால்தானே டீச்சர்" என்று நானும் தள்ளினேன். அவர் தள்ள, நான் தள்ள, பெட்டி போய்ப் போய் வந்தது. அவர் பலமாக ஒரு தள்ளு தள்ளினார். நான் அதை வாங்கி, இடுப்போடு திரும்பி, அப்படியே திருப்பிக் கொடுத்தேன். அவ்வளவுதான்! டீச்சர் பெட்டியோடு பின்னால் போய், சோபாவில் பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்த கணவர் மடியில் உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதர் அசையாமல், "கல்யாணம் ஆனதிலேருந்து இன்னைக்குத்தான் இவ என் மடியில உக்காந்திருக்கா" என்றார். விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை, என்னையே முறைத்தார். ஷூவின் நாடாவைக்கூடக் கட்டாமல் ஓடிவந்துவிட்டேன். புத்தாண்டும் அதுவுமாய்க் குருவைத் தள்ளிவிட்டவனுக்கு மேடை ஒரு கேடா? உங்கள் முன்னால் பாட்டுப் பெட்டியோடு நிற்க என்னால் முடியாது அக்கா. அவமானமாக இருக்கிறது. தாய்ச்சியையே தலைமுழுகிவிட்டேன்.

அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்கள் வீட்டில் மாவும் எண்ணெயும் சிரிப்பும் குறையாதிருக்கட்டும்.

நொந்துபோன தம்பி,
மியாவ் தெகுவாங்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் பெங் டீச்சர் அதே பெட்டியோடு வந்து நின்றார். "பிடிங்கண்ணே." "ஐயோ, வேணாம் டீச்சர்." தள்ளினார், தள்ளினேன். மாடிப்படி முழுக்க இதே கூத்து. பக்கத்து வீட்டார் என்ன பண்பு என்று மெச்சினார்கள். "பாத்தீங்களா, மரியாதைக்குத் தள்றப்ப உங்க தோள் தானா இறங்கிடுது! மேடையிலயும் மனசுக்குள்ள வேணாம் வேணாம்னு சொல்லிக்கிட்டே செய்யுங்க. முதல் வரிசையில நிக்கப்போறது நீங்கதான்" என்றார் டீச்சர். டிக்கெட்டை ரத்து செய்துவிடாதே. செய்திருந்தால் நின்றுகொண்டாவது வாருங்கள். மேடையில் என் உதடு அசைந்தால் ஏதோ மந்திரம் என்று அத்தான் பயந்துவிட வேண்டாம். பால் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.