பெயரிங் அண்ணையும் அக்காவின் முழங்காலும்

வெள்ளவத்தையில் முழங்கால் மாற்றிக்கொண்ட எவரும் பெயரிங் அண்ணையிடமிருந்து தப்பியதில்லை. மாற்றாதவர்களிலும் சிலர் தப்பவில்லை.

கொழும்பு பஞ்சிகாவத்தையில், லொறிச் சில்லு சுழலப் போடும் பெயரிங் விற்றே வயதுபோன மனிதர். சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு பெயரிங்கை எடுத்து, விரலால் சுழற்றி, காதோடு பிடித்துக் கேட்டுவிட்டுத்தான் எது நல்லது என்று சொல்வார்.

லிஃப்ட் இல்லாத எங்கள் கட்டடத்தில் அவர்கள் மூன்றாம் மாடி. மனைவி மகேஸ் அக்காவுக்கு வலது முழங்கால் தேய்ந்து, பொங்கலுக்குப் பிறகு டொக்டரிடம் தூக்கிப்போன நாளைத் தவிர கீழே இறங்கவே இல்லை. சந்தையில் மீன்காரரை வெருட்டி வாங்கிய மனுசி, அண்ணை வாங்கி வருவதைப் பார்த்து, "இந்தப் பாரைக்கு உங்களைவிட வயசு கூட" என்று திட்டுவதோடு நாளைக் கழித்தார்.

முழங்காலை மாற்றத்தான் வேண்டும் என்றார் டொக்டர். செயற்கை மூட்டில் இரண்டு வகை: ஒன்றில் நடுவிலுள்ள பிளாஸ்டிக் தகடு அசையாது, மற்றதில் கொஞ்சம் சுழலும். "ரெண்டும் நல்லதுதான் அங்கிள், யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றார். பெயரிங் விற்றவரைப் பார்த்து யோசிக்கச் சொன்னது பெரும் பிழை.

அண்ணை டொக்டரின் மேசையிலிருந்த மாதிரி மூட்டை எடுத்து ஆட்டி, காதில் வைத்தார்.

"டொக்டர், இதுக்குக் கிரீஸ் எப்பிடி அடிக்கிறது?"

"அதை உடம்பே பாத்துக்கொள்ளும்."

அண்ணைக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாளே ஆராய்ச்சி தொடங்கிவிட்டது.

ஒரு கல்யாண வீட்டில், முழங்கால் மாற்றிய புதுக்கடை நீதிமன்றச் சட்டத்தரணி ஒருவர் அகப்பட்டார். "சேர், ஒருக்கா மடக்கி நீட்டுங்கோ" என்று குனிந்து அவர் முழங்காலில் காதை வைத்தார் அண்ணை. சத்தம் கேட்கவில்லையாம். நிமிர்ந்து, "தம்பிமார், ஒரு நிமிசம் மேளத்தை நிப்பாட்டுங்கோ!" என்றார். தாலி கட்ட இன்னும் நேரம் இருந்தது. இல்லாவிட்டால் பெண்ணின் தகப்பன் அண்ணையின் இரண்டு முழங்காலையும் அங்கேயே மாற்றியிருப்பார்.

இன்னொரு நாள் தெஹிவளையில் ஒரு வயதான சிங்கள அம்மா பஸ்ஸிலிருந்து துள்ளி இறங்கினாராம். இது சுழலுகிற வகைதான் என்று முடிவுகட்டி, "நோனா, பொட்டக் இன்ன!" என்று, கொஞ்சம் நிற்கச் சொல்லிச் சிங்களத்தில் கத்திக்கொண்டு பின்னால் ஓடியிருக்கிறார். குடையால் இரண்டு அடி வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அந்த முழங்கால் கடவுள் கொடுத்த ஒரிஜினல்.

இதற்கிடையில் ஒப்பரேசன் திகதி வந்தது. "இன்னும் பாத்து முடியேல்லை" என்று தள்ளிவைத்தார். அடுத்த திகதியையும் தள்ளிவைத்தார். அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீராவது கதையும். நான் இந்த வீட்டுக்குள்ளயே கிடந்து சாகிறதோ?"

படிக்கட்டில் அண்ணையைப் பிடித்து நிறுத்தி, எனக்கு வந்த கோபத்தில் நன்றாகவே ஏசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்படியே படியில் குந்திவிட்டார்.

"ரெண்டும் ஒண்டுதான் தம்பி. எனக்கு அது எப்பவோ தெரியும்."

"பிறகேன் அண்ணை இந்தக் கூத்து?"

"மயக்கம் குடுத்து, இவள் எழும்பாட்டி நான் என்ன செய்யிறது? பாத்துக்கொண்டு திரியுமட்டும் இவள் வீட்டில இருக்கிறாள்தானே."

மேலே கதவு திறந்தது. அக்கா கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார். எல்லாம் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"நான் எழும்புவன். நீங்கள் போய் டேட்டை எடுங்கோ."

ஒப்பரேசன் அன்று தியேட்டர் வாசலில் அண்ணைக்குத் துணையாக நானும் இருந்தேன். அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கடைசியில் டொக்டர் வந்தார். ஆளைத் தெரிந்தவர் அல்லவா, முதலே விளக்கத் தயாராக வந்தார்.

"அங்கிள், நாங்கள் போட்டது எந்த வகை எண்டால்..."

அண்ணை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அது கிடக்கட்டும். அவள் கண் முழிச்சிட்டாளோ?"

"ஓம், முழிச்சிட்டா. நீங்கள் சாப்பிட்டீங்களோ எண்டு கேட்டவ."

வாசலிலிருந்த வாங்குப் பலகையில் குந்திச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார் அண்ணை. அக்காவின் முழங்காலில் எந்த வகை இருக்கிறது என்று அவர் இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை. அதற்காகவே அந்த மனிதரை எனக்கு நிரம்பப் பிடிக்கும்.