முகம் மறைகிற அளவுக்குத் தாள்

மதிப்பிற்குரிய 'ஆற்றோரம்' வார இதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

கூத்தாநல்லூரிலிருந்து ஷமீரா ஸலாம் சொல்லி எழுதுவது. நீங்களும் உங்களோடு வேலை பார்ப்பவர்களும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

போன மாதம் வந்த கடைசி இதழின் நடுவில் ஒரு கம்பிப் பின்தான் இருந்தது. எப்போதும் இரண்டு இருக்கும். மறந்திருப்பீர்கள் என்று நானே ஊசிநூலால் ஒரு தையல் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். இனிமேல் இதழ் கைப்பேசியில் மட்டும் வரும் என்று போட்டிருந்தது.

நான் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஜன்னத் பீவி மாமியின் தையல் கடையில் பொத்தான் தைக்கிறேன். யாராவது முகத்தைப் பார்த்துப் பேசினால் எனக்கு என் பெயரே மறந்துவிடும். ஆனாலும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் தொடர்கதையைக் கடையில் எல்லோருக்கும் நான்தான் வாசிப்பேன், ஏனென்றால் இதழை விரித்துப் பிடித்தால் நெற்றியிலிருந்து தாடைவரை மறைந்துவிடும், அதற்குப் பின்னால் இருந்துகொண்டு கதாநாயகியாக அழுவேன், மாமியாராகத் திட்டுவேன், வில்லனுக்கும் குரல் நான்தான். ஒரு வாரத்தில் நான் பேசுவதே அவ்வளவுதான்.

இப்போது கதை மாமியின் கைப்பேசியில் வருகிறது. அதை முகத்துக்கு நேரே பிடித்தால் மூக்கு மட்டும்தான் மறைகிறது. கதாநாயகியின் கணவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிற கட்டத்தில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்க்க, நான் கண்ணையும் மறைக்கப் பார்த்து, விரல் பட்டு, கதை போய் அறுவடை மெஷின் விளம்பரம் வந்து, அதை மூடப்போய் எதையோ அழுத்தி, குவைத்தில் இருக்கும் மாமியின் மகன் ஃபாஜிலுக்கு வீடியோ கால் போய்விட்டது. அவர் எடுத்துப் பார்த்தால் வரிசையாக அழுகிற பெண்கள்.

"யாரு மவுத்து? சொல்லுங்க" என்று சாவு வீடென நினைத்துப் பதறினார்.

பக்கத்துத் தையல் மெஷின் மர்யம் அக்கா கதை ஞாபகத்திலேயே, "இன்னும் இல்லங்க, அடுத்த வாரந்தான் தெரியும்" என்றார்.

ஃபாஜில் அண்ணன் லீவு கேட்கப் போய்விட்டார். அவரைத் தடுத்து நிறுத்துவதற்குள் மாமிக்கு மூச்சு வாங்கிவிட்டது.

அதற்குப் பிறகு நான் வாசிப்பதில்லை. கைப்பேசியே தானாக வாசிக்கிறது. கணவர் செத்தாலும் பிழைத்தாலும் அதற்கு ஒரே குரல்தான். மாமி பாதியில் தூங்கிவிடுகிறார். நான் நாள் முழுக்கப் பேசாமல் பொத்தான் தைக்கிறேன். ஆகவே ஆசிரியர் அவர்கள் தயவுசெய்து மறுபடியும் அச்சடிக்க வேண்டும். எழுத்து இல்லாவிட்டால்கூடப் பரவாயில்லை, முகம் மறைகிற அளவுக்குத் தாள் இருந்தால் போதும்.

உங்கள் வீட்டாருக்கும், அச்சு மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்.

இப்படிக்கு,
ஷமீரா

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்கு முன் மாமி இதைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். ஃபாஜில் அண்ணன் வரும் இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன். அப்போதுதான் கவனித்தேன், கடிதத்தை மடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன்.

மாமி என்னையே பார்த்து, "ஏம்புள்ள, ஒனக்குக் கன்னத்துல குழி விழுமா? இத்தன நாளா நாங்க அட்டப்படத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கோம்" என்றார்.

மர்யம் அக்கா கைப்பேசியை நீட்டினார். நான் வாங்கி, இந்த வாரக் கதையை முதலிலிருந்து வாசித்தேன்.