மெமரி கழன்ற கதை

என் மனைவி என்னைப் பார்த்து ஒருமுறையாவது வியந்து நிற்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இப்படித் தீர்மானித்தேன். கல்யாணமான நாளிலிருந்து வியக்கும் வேலை முழுவதும் என் தலையில்தான் விழுந்திருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு ஒரே கம்ப்யூட்டர். அதில் அவள் பள்ளிப் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பாள். அவள் எழுந்ததும் நான் உட்கார்ந்து செஸ் ஆடித் தோற்பேன்.

ஆபீஸில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்க வருபவர் ஒரு விஷயம் சொல்லியிருந்தார். பெட்டிக்குள் மெமரி என்று சீப்பு மாதிரி ஒரு பட்டை உண்டு. அது லேசாகக் கழன்றால் போதும், பெட்டி எழுந்திருக்காது. பீப் பீப் என்று அழும். திரும்ப அழுத்திவிட்டால் சரியாகிவிடும். எனக்கு வேறென்ன வேண்டும்? நானே கழற்றுவேன், அவள் பதறும்போது நானே மாட்டுவேன். நோயைக் கொடுத்தவனே வைத்தியம் பார்த்தால் குணமாகாமல் எங்கே போகும்?

அவள் குளிக்கப் போனதும் மூடியைத் திறந்தேன். வந்த வேலையே மறந்துவிட்டது. பச்சைத் தகட்டின் மேல் ஓர் ஊரே இருந்தது. தெருக்கள், மாடிகள், தண்ணீர்த் தொட்டிகள். எல்லாவற்றின் மேலும் சாம்பல் நிறத் தூசி. இப்பேர்ப்பட்ட ஊரின் வாசலில் உட்கார்ந்துகொண்டா இத்தனை நாள் தோற்றேன்? பயபக்தியோடு பட்டையைப் பாதி இழுத்துவிட்டு, மூடியை மாட்டி, பேப்பரை விரித்துக்கொண்டேன்.

அவள் வந்து பொத்தானை அழுத்தினாள். பீப், பீப். அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடம் மதியத்துக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும் என்றாள்.

பேப்பரை நிதானமாக மடித்தேன். "நான் இருக்கேன்ல? கொஞ்சம் தள்ளு."

திறந்தேன். பட்டையை அழுத்தினேன். பீப். இன்னும் பலமாக அழுத்தினேன். பீப். நான் உண்டாக்கிய கோளாறு என்னையே மதிக்கவில்லை. அவளுடைய இத்தனை வார உழைப்பும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

அவள் பதறவில்லை. டார்ச்சை என் கையில் கொடுத்து, "ஆடாம பிடிங்க" என்றாள்.

முதலில் மின்வயரைப் பிடுங்கினாள். அப்படி ஒரு வயர் இருந்ததே எனக்கு நினைவில்லை. உடம்பிலுள்ள மின்சாரம் இறங்கட்டும் என்று பெட்டியின் இரும்பைத் தொட்டாள். தூங்கும் குழந்தையின் காதிலிருந்து கம்மலைக் கழற்றுவதுபோல் பட்டையை எடுத்தாள். அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தாள். உள்ளேயிருந்த விசிறி சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, தூரிகையால் தூசி தட்டினாள். பட்டையைத் திரும்ப வைத்து அழுத்தினாள். இந்தப் பக்கம் ஒரு டக், அந்தப் பக்கம் ஒரு டக். நான் ஒரு பக்கத்தோடு நிறுத்தியிருக்கிறேன்.

மேசை இழுப்பறையிலிருந்து புதுப் பட்டை ஒன்றையும் எடுத்தாள். எப்படியும் போட வேண்டும் என்று வாங்கி வைத்திருந்தாளாம். திறந்ததுதான் திறந்தாயிற்று என்று அதையும் பக்கத்தில் மாட்டி, வயரைத் திரும்பச் செருகினாள். பொத்தானை அழுத்தினாள். திரை விடிந்தது. தத்தித் தத்தித் திறக்கும் அவளுடைய பக்கங்கள் தொட்டவுடன் விரிந்தன. நான் டார்ச்சை அணைக்கவும் மறந்து நின்றேன்.

"இதெல்லாம் எங்கே கத்துக்கிட்டே?"

"நீங்க ஆபீஸ் போனப்புறம் இது மக்கர் பண்ணினா யாரு வருவா?" பாடத்தை அனுப்பியபடியே, குரலை உயர்த்தாமல் தொடர்ந்தாள். "அப்புறம் ஒண்ணு. நீங்க மூடியைத் திறக்கறதுக்கு முன்னாடியே பேப்பர் ஓரமெல்லாம் தூசி ரேகை இருந்துச்சு."

பேப்பரைப் பார்த்தேன். பத்து விரலும் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன. அவள் எழுந்து போய் எனக்குச் சோறு போட்டாள். திட்டியிருந்தால் சாப்பாடாவது இறங்கியிருக்கும்.

சாயங்காலம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். திரையில் உள்ளே நுழையப் புதிதாக இரண்டு வட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். மேலே இருந்தது நிர்வாகி, அதற்குப் பூட்டு. சமையலறையிலிருந்து குரல் வந்தது. "நீங்க கீழே இருக்கிறதை அழுத்துங்க."

ஊரே வீட்டுக்காரர் என்று அழைக்கும் நான், 'விருந்தினர்' என்பதை அழுத்தி உள்ளே போனேன்.