வேகையாவின் தொண்ணூற்றேழு

மெதுவாக ஓடும் கம்ப்யூட்டரைத் தொட்டே வேகமாக்கும் மகான் ஒருவர் ஊருக்கு வந்திருக்கிறார் என்ற செய்தி, அந்த மெதுவான கம்ப்யூட்டர்கள் வழியாகவே பரவ வேண்டியிருந்ததால் ஊரைச் சுற்றி வர இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் காலை, பழைய மரச்சாமான் கிடங்கின் மாடிப்படி முழுக்க வரிசை.

காய்ச்சல் கண்ட பிள்ளையை டாக்டரிடம் தூக்கிப் போவது போல ஆளுக்கொரு பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி நின்றார்கள். ஒருவர் போர்வை சுற்றியிருந்தார். ஒரு தம்பதி குழந்தையின் தள்ளுவண்டியில் கம்ப்யூட்டரை வைத்துவிட்டு, குழந்தையைக் கையில் வைத்திருந்தார்கள். விவரம் தெரியாத ஜனங்கள் என்று இளக்காரமாகப் பேசிவிடாதீர்கள். வரிசையில் மூன்றில் ஒருவர் இன்ஜினீயர். மீதிப் பேர் இன்ஜினீயர்களைப் பார்த்து வந்தவர்கள்.

மகானை எல்லோரும் வேகையா என்றார்கள். வெள்ளை ஜிப்பா, நிதானமான நடை, அதைவிட நிதானமான பேச்சு. அவருடைய தத்துவம் எளிது. எந்த ப்ராசஸரும் பிறவியிலேயே மெதுவானது அல்ல. தொழிற்சாலைக்காரன் அதைத் தூங்க வைத்து அனுப்புகிறான், நாம் இன்னொன்று வாங்க வேண்டும் என்பதற்காக. அதை எழுப்ப ஓர் உள்ளங்கை போதும். அந்த உள்ளங்கை இப்போதைக்கு உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது. பிள்ளை சரியாகப் படிக்கவில்லை என்றால் வேறு பிள்ளையா வாங்குவீர்கள் என்று அவர் கேட்கும்போது கூட்டத்தில் சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எழுப்புவதற்கான கட்டணம் மட்டும், ஏனோ, ஒரு புது ப்ராசஸரின் விலைக்குச் சரியாக இருந்தது.

வாசலில் ஒரு பலகை: 'கேள்விகளை வெளியே விட்டுவிட்டு உள்ளே வரவும்.' எல்லோரும் ஒழுங்காக விட்டுவிட்டு வந்தார்கள்.

இந்த வரிசையில் நிற்கத் துடித்துக்கொண்டிருந்தவர்களில் நம்முடைய படக்காரரும் ஒருவர். சினிமாப் படம் அல்ல. இன்னும் கட்டாத கட்டடங்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து, வாசலில் நுழைந்து மாடி ஏறி ஜன்னலைத் திறப்பது வரை திரையில் நடத்திக் காட்டுவது அவர் தொழில். வீட்டின் பின்னறைதான் அலுவலகம். பகலில் அங்கே கட்டடம் கட்டுவார். சாயங்காலம் அதே நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் விளையாட்டில் டாங்கி ஓட்டிக் கட்டடங்களை இடிப்பார். கம்ப்யூட்டருக்கு இரண்டும் தாங்கவில்லை.

போன வாரம் நடந்ததுதான் பெரிய அவமானம். அவருக்கு வேலை கொடுக்கும் ஒரே கட்டடக் கம்பெனிக்கு ஒரு மருத்துவமனையை நடத்திக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் படம், ஒரு பக்கம் வீடியோ அழைப்பு, இன்னொரு பக்கம் அளவுகள். கம்பெனி மேலாளரம்மா மூன்றாம் மாடிக்குப் போகச் சொன்னார். படிக்கட்டின் பாதியில் படம் உறைந்தது. ஆறு நிமிடம் எல்லோரும் அந்தரத்தில் ஒற்றைக்காலில் நின்றார்கள். மேலாளரம்மா கோபப்படவில்லை, அதுதான் பயம். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இன்னொரு தடவை பார்ப்போம், அன்றைக்கும் படிக்கட்டிலேயே நின்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்தக் கம்பெனி போனால் படக்காரருக்கு மிஞ்சுவது டாங்கி மட்டும்தான்.

அவர் மனைவி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். வாய் சும்மா இருக்கும், கண் சும்மா இருக்காது. மறுநாளே கம்ப்யூட்டரைக் கடை மெக்கானிக்கிடம் தூக்கிப் போனாள். அவர் பெட்டியைத் திறந்து, விசிறியைக் கழற்றி, அதன் அடியில் தபால்தலை மாதிரி உட்கார்ந்திருந்த ப்ராசஸர் சிப்பைக் காட்டினார். இதில் வேலை செய்யும் ஆட்கள், அதாவது கோர், நாலே பேர். மூன்று வேலையை ஒன்றாகக் கொடுத்தால் திணறத்தான் செய்வார்கள். எட்டுப் பேர் உள்ள சிப் ஒன்று இதே மதர்போர்டில் உட்காரும், ஆளுக்கு ஆள் கையும் வேகம், அதனால் விளையாட்டுக்கும் ஆகும். போர்டுக்குப் பொருந்தாததை வாங்கினால் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளத்தான் உதவும், நம்பரைப் பார்த்து வாங்குங்கள் என்று ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தார். அவள் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். நடுவில் அவளுடைய அண்ணன் வந்துவிட்டார்.

அண்ணன்காரர் வேகையாவின் பரம பக்தர். அவர் இதற்கு முன் முகாம் போட்ட ஊருக்கே போய்த் தன் கம்ப்யூட்டரை எழுப்பிக்கொண்டு வந்தவர். மைத்துனரோடு சேர்ந்து டாங்கி ஓட்டுகிறவரும்கூட.

"மாப்ள, பறக்குது. சத்தியமா பறக்குது. நேத்து குண்டு போட்டேன், சத்தம் வர்றதுக்கு முன்னாடி எதிரி செத்துட்டான்."

"வேற என்னென்ன ஓடுது அதுல?" என்றாள் தங்கை.

வேறு எதுவும் ஓடக்கூடாதாம். எழுப்பிய சிப்புக்கு மூன்று விதிகள் உண்டு. ஒரு நேரத்தில் ஒரே வேலை. அதைத் தொடங்குமுன் மற்ற எல்லாவற்றையும் மூட வேண்டும். பெட்டியில் ஒட்டிய நீல முத்திரையைப் பிரிக்கவே கூடாது. அண்ணன்காரர் முன்பெல்லாம் நாற்பது ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு விளையாடுகிறவர். இப்போது முப்பத்தொன்பதை மூடிவிட்டு, வேகத்துக்கு வேகையாவைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். முதுகில் இருந்த மூட்டைகளை இறக்கிவிட்டால் கழுதைகூடத் துள்ளும். அதற்குக் கழுதை யாருக்கும் கட்டணம் கொடுப்பதில்லை. இத்தனைக்கும் பிறகு மெதுவானால்? அதற்கும் பதில் இருந்தது. கம்ப்யூட்டரின் சொந்தக்காரர் சந்தேகப்பட்டிருப்பார்.

படக்காரருக்கு ஆசை வந்துவிட்டது. கடைக்காரர் கழற்று, மாட்டு, நம்பரைப் பார் என்று தலைவலி கொடுக்கிறார். இங்கே கையை வைத்தால் முடிந்தது. புது சிப்புக்கு எடுத்து வைத்த பணத்தை வேகையாவிடமே கொடுத்துவிடலாம் என்று புதன்கிழமை காலை சாப்பாட்டு மேஜையில் அறிவித்தார். மனைவி சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்து மூன்று பதில்களைத் தயார் செய்தும் வைத்திருந்தார். அவள் சண்டை போடவில்லை. அவளுடைய கூடத்துக் கதை ஒன்றைச் சொன்னாள். அங்கே தினமும் காலையில் நூறு ரத்தச் சோதனைக் குழாய்களுக்கு நடுவில் ஒரு குழாயில் வெறும் தண்ணீரை ஊற்றி, இல்லாத ஒரு நோயாளியின் பெயர்ச் சீட்டை ஒட்டி மெஷினுக்குள் அனுப்புவார்களாம். ஒன்றுமில்லை என்று வந்தால் மெஷின் யோக்கியம். தண்ணீருக்குச் சர்க்கரை வியாதி என்று வந்தால் அன்றைக்கு வந்த எல்லா ரிப்போர்ட்டும் குப்பை.

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் படக்காரர்.

"சம்பந்தம் இல்லைங்க. சும்மா சொன்னேன். நானும் வரேன், பணம் என் கையிலயே இருக்கட்டும்."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாளே என்று அவருக்கு உள்ளுக்குள் ஏமாற்றம்தான். தயார் செய்த மூன்று பதில்களையும் குளிக்கும்போது சுவருக்குச் சொன்னார். அவர் குளித்து முடிப்பதற்குள் பின்னறையில் ஒரு திருப்புளியின் சத்தம் கொஞ்சம் கேட்டது. தண்ணீர்ச் சத்தத்தில் அவர் கவனிக்கவில்லை.

கிடங்கின் உள்ளே நடுவில் பட்டுத்துணி மூடிய பீடம். அதன் மேல் ஒரு பெரிய திரை. திரையில் கடிகாரம் போல ஒரு முள், பூஜ்யத்திலிருந்து நூறு வரை. ஒவ்வொருவரும் பெட்டியைக் கொண்டுபோய் வைத்ததும் சீடர் ஒருவர் பீடத்திலிருந்து வரும் ஒரு கம்பியை அதில் செருகுவார். முள் முனகிக்கொண்டு இருபது, முப்பது என்று நிற்கும். கூட்டம் 'ச்சுச்சு' என்று பரிதாபப்படும். வேகையா கண்ணை மூடி உள்ளங்கையைப் பெட்டி மேல் வைப்பார். முள் எழுந்து தொண்ணூற்றேழில் போய் நிற்கும். எல்லோருக்கும் தொண்ணூற்றேழுதான். ஏன் நூறு இல்லை என்று ஒருவர் கேட்டதற்கு, மீதி மூன்று உங்கள் நம்பிக்கையில் இருக்கிறது என்று பதில் வந்ததாம். கேட்டவர் வெட்கப்பட்டுப் பின்வரிசைக்குப் போய்விட்டார்.

படக்காரரின் முறை வந்தது. மனைவி பெட்டியைப் பீடத்தில் வைத்தாள். கம்பி செருகப்பட்டது. உள்ளே விசிறி சுற்றியது. முள் இருபத்தெட்டில் நின்றது. அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. இத்தனை வருஷம் இருபத்தெட்டை வைத்துக்கொண்டா மருத்துவமனை கட்டினோம்?

வேகையா கையை வைத்தார். நெற்றி சுருங்கியது. நீண்ட பெருமூச்சு.

"நாலு பேர் உள்ள இருக்காங்க," என்றார் மெதுவாக. "மூணு பேருக்கு நல்ல தூக்கம். ஒருத்தன் மட்டும் பாவம், ஒத்தையா உழைச்சுக்கிட்டு இருக்கான். ரொம்ப வேதனையில இருக்கான்மா."

நாலு பேர் என்று எப்படிச் சரியாகச் சொன்னார் என்று படக்காரருக்குப் புல்லரித்தது. பெட்டியின் முன்னாலேயே அதை ஒரு ஸ்டிக்கர் சொல்லிக்கொண்டிருந்தது அவருக்கு மறந்துபோயிற்று.

முள் எழுந்தது. ஐம்பது. எண்பது. தொண்ணூற்றேழு. அண்ணன்காரர் முதலில் கைதட்டினார். படக்காரர் கண்ணில் தண்ணீர். வெள்ளிக்கிழமை படிக்கட்டு முழுக்க ஏறியாகிவிட்டது என்றே அவர் முடிவு செய்துவிட்டார். சீடர் நீல முத்திரையோடு குனிந்தார்.

"ஒரு நிமிஷம்," என்றாள் மனைவி. "ஐயா, இப்ப உள்ள சிப் எப்படி இருக்கு?"

"இளஞ்சூடா இருக்குமா. துடிப்பா இருக்கு. நாலு பேரும் எழுந்து உக்காந்துட்டாங்க."

"நல்லா தெரியுதா உங்களுக்கு?"

"என் கைக்குத் தெரியும்மா."

அவள் கைப்பையைத் திறந்தாள். ரத்தச் சோதனைக் குழாய் வைக்கும் சின்ன டப்பா ஒன்றை எடுத்தாள். மூடியைத் தள்ளி, பஞ்சு மெத்தையில் படுத்திருந்த ஒரு சதுரச் சிப்பைத் தூக்கிக் காட்டினாள்.

"அப்ப இது யாரு?"

அவள் திருப்புளியை எடுத்தாள், பெட்டியின் கதவைக் கழற்றினாள், விசிறியைத் தூக்கினாள். அடியில் சிப் இருக்க வேண்டிய இடத்தில் காலியான இருக்கை பளிச்சென்று இருந்தது. தண்ணீருக்குச் சர்க்கரை வியாதி. அதுவும் தொண்ணூற்றேழு.

வேகையா சாமானியப்பட்டவர் அல்ல. இரண்டே வினாடி திகைத்தார்.

"நீ எடுத்தது உடம்புமா. உயிர் இங்கதான் இருக்கு. அதைத்தான் நான் எழுப்பினேன்."

இதற்கும் பாதிக் கூட்டம் தலையாட்டியது என்பதை வருத்தத்தோடு பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. படக்காரர்கூட ஒரு கணம் ஆட்டப் பார்த்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் கழுத்து தானாக நின்றுவிட்டது.

அவள் பெட்டியிலிருந்து கம்பியைப் பிடுங்கி, நுனியை எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தாள். எதோடும் சேராத வெறும் கம்பி. திரையில் முள் அசையவில்லை. தொண்ணூற்றேழு.

"ஐயாவோட சக்தி அது," என்று பாய்ந்தார் அண்ணன்காரர். "ஐயாவைச் சந்தேகப்படாத. கம்பியே தேவையில்ல, அடியிலயும் ஒண்ணும் இல்லன்னு நானே காட்டறேன் பாரு." தங்கையின் நாத்திகத்தை அந்த இடத்திலேயே நசுக்கிவிடும் ஆவேசத்தில் மண்டியிட்டுப் பட்டுத்துணியை ஒரே இழுப்பாக இழுத்தார்.

பீடத்தின் அடியில் ஒரு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திரையின் கம்பி அதிலிருந்துதான் வந்தது. பக்கத்தில் ஒரு மிதிகட்டை. வேகையாவின் வலதுகாலுக்கு எட்டும் தூரத்தில். அதற்கும் பக்கத்தில், பிரித்து இன்னும் தூக்கிப் போடாத ஒரு காலி அட்டைப்பெட்டி. புத்தம்புது ப்ராசஸருடைய பெட்டி. எட்டுக் கோர். கடையில் வாங்கியது.

அண்ணன்காரர் மிதிகட்டையைக் கையால் அழுத்திப் பார்த்தார். முள் இருபத்தெட்டுக்கு விழுந்தது. விட்டார். தொண்ணூற்றேழு. இன்னொரு தடவை அழுத்தினார். மூன்றாவது தடவை அழுத்தும்போது அவர் முகம் பார்க்கும்படி இல்லை.

"மச்சான், விடுங்க, உடைஞ்சிடப்போகுது," என்றார் படக்காரர்.

வேகையா பின்படியில் இறங்கினார். அந்த மனிதரிடம் உண்மையான வேகத்தை ஊர் பார்த்தது அப்போதுதான். ஆனால் படியின் அடியில் காவலுக்கு நின்ற இளைய சீடருக்கு மாடியில் நடந்தது தெரியாது. முத்திரை ஒட்டிய பெட்டி இல்லாமல் ஒருவரையும் வெளியே விடாதே என்பது அவருக்கு இட்ட கட்டளை. குறுக்கே கையை நீட்டினார். "நீங்கதானே சொன்னீங்கய்யா, யாரா இருந்தாலும்னு." கேள்வி கேட்காத சீடனை வளர்த்தால் அவன் உங்களையும் கேள்வி கேட்காமல்தான் பிடிப்பான். கூட்டம் இறங்கி வரும் வரை இளைய சீடர் கையைக் கீழே போடவில்லை.

மறுநாள் சீட்டில் இருந்த நம்பர்படி எட்டுக் கோர் சிப் வந்தது. மெக்கானிக் போர்டின் அடிப்படை மென்பொருளை முதலில் புதுப்பித்து, சிப்பை உட்கார வைத்து, சூடு கடத்தும் பசையை ஒரு பட்டாணி அளவு வைத்து, விசிறியை மாட்டினார். கண்ணை மூடவில்லை, திறந்தே வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மேலாளரம்மா மூன்றாம் மாடிக்கு ஏறினார். அழைப்பும் ஓடியது, அளவுகளும் ஓடின. படிக்கட்டு நிற்கவில்லை. நான்காம் மாடியில் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, அடுத்த கட்டடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

சாயங்காலம் அண்ணன்காரர் வந்தார். டாங்கியைத் தொடவில்லை. தன் கம்ப்யூட்டரின் நீல முத்திரையைப் பிரித்துக்கொண்டே தங்கையிடம் கேட்டார்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியாதுண்ணே. தெரியாததாலதான் தண்ணி ஊத்திப் பார்த்தேன்."

கிடங்கை இப்போது பூட்டிவிட்டார்கள். கேள்விகளை வெளியே விடச் சொன்ன வாசல் பலகையை மட்டும் யாரும் கழற்றவில்லை. அவள் கழற்றியது ஒரு கம்ப்யூட்டரின் மூளையை. அதையும் டப்பாவில் போட்டுப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள். அந்த வாசலில் மற்றவர்கள் விட்டுவிட்டுப் போனது இன்னும் அங்கேயே கிடக்கிறது. அடுத்த மகான் மாடி ஏறுவதற்குள் அவரவருடையதை வந்து எடுத்துக்கொண்டால் நல்லது.