பெருவிரலுக்குச் சேர வேண்டிய தொகை

இன்னும் கிட்டே வந்து உட்காருங்க. இது ஆபீஸ் சங்கதி, சத்தமாகச் சொல்லக் கூடாது.

உடும்பஞ்சோலைப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டம். அங்கே ஆள் பேர் எழுதும் புத்தகம் செக்ரோல். அதில் ஏறின பேர் லேசில் இறங்காது. செபமாலையம்மாள் வேலையை விட்டுக் கம்பத்துக்குப் போனதும், பேரை அடிக்கச் சோம்பல்பட்ட கணக்கப்பிள்ளை சங்கையா, அந்த இடத்தில் புதிதாக வேலை கேட்டு வந்த சின்னத்தாயை நிறுத்தினார். "பேரா காய் எடுக்குது? கைதான எடுக்குது" என்றார். இருபது வருசம் சின்னத்தாய் அந்தப் பேரிலேயே காய் எடுத்தாள்.

எழுபத்தாறாம் வருசம் செபமாலையம்மாளுக்கு ஐம்பத்தெட்டு வயசு நிறைந்தது. ஆகவே, நாற்பத்தைந்து வயசுச் சின்னத்தாய் முதுமை காரணமாக ஓய்வு பெற்றாள். தோட்டத்தில் குடியிருந்த லயத்து அறையும் போயிற்று. சர்வீஸ் பணம் வந்தால்தான் ஒரு கூரை.

சங்கையா செக்ரோலைப் புரட்டினார். "சின்னத்தாய்னு இங்க யாரும் வேலை பாக்கலையே."

"பெறகு எதுக்கு என்னைய நிப்பாட்டினீக?"

"ஒன்னைய யாரு நிப்பாட்டினா? செபமாலையத்தான் நிப்பாட்டினோம். அவளைக் கூட்டிட்டு வா."

சின்னத்தாய் லேபர் ஆபீசரிடம் போனாள். அவர் மூன்று தவணை விசாரித்துக் கண்டுபிடித்தார்: மேற்படி செபமாலை வேலை பார்த்திருக்கிறார், ஆனால் இல்லை. மேற்படி சின்னத்தாய் இருக்கிறார், ஆனால் வேலை பார்க்கவில்லை.

"ஐயா, சம்பளப் புத்தகத்துல மாசாமாசம் ரேகை இருக்கே, அது யாரோடது?"

"செபமாலையோடது."

சின்னத்தாய் இடது பெருவிரலை மையில் தோய்த்துப் பக்கத்தில் ஒரு காகிதத்தில் பதித்தாள். ஆபீசர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். வரிக்கு வரி ஒன்று.

உத்தரவு வந்தது. 'மேற்படி இடது பெருவிரல் இருபது வருசம் வேலை பார்த்தது ருசுவாகிறது. விரலுக்குச் சேர வேண்டிய தொகையை விரலுக்கே கொடுக்க வேண்டியது. விரலோடு ஒட்டி வந்த சின்னத்தாய் இத்தோட்டத்தில் ஒருநாளும் வேலை பார்த்தவர் அல்ல.'

சங்கையா சட்டத்துக்குப் பயந்தவர். பாத்தியதை இல்லாத உடம்பை மழையில் வெளியே நிறுத்தி, ஜன்னல் வழியே நீட்டிய விரலுக்குப் பணம் கொடுத்தார்.

பணத்தை முந்தானையில் முடிந்துகொண்ட சின்னத்தாய் நகரவில்லை. "கடைசி வரிய இன்னொருக்கா வாசிங்க."

வாசித்தார்.

"அப்ப எனக்கு இன்னும் ஓய்வாகல. காய் எடுக்க ஆளில்லன்னு கங்காணி கத்துறாரு. பேரெழுதுங்க."

சங்கையா யோசித்தார். புதுப் பேர் எழுத மேலிடத்து அனுமதி வர ஆறு மாசமாகும். போன வாரம் வேலையை விட்டுப் போன ஜானகியம்மாளின் வரியில் விரலை வைத்துக் காட்டினார்.

"இவளுக்கு என்ன வயசு?"

"முப்பத்தொண்ணு."

சின்னத்தாய் வலது பெருவிரலை மையில் தோய்த்தாள்.